விழா ஓட்டம்

எங்கள் பூங்காவில் ஞாயிறு காலை நடக்கும் ஓட்டத்தை யாரும் தொடங்கி வைக்கவில்லை. அதுதான் அதன் முதல் குற்றம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், சும்மா இருக்கக் கால் கேட்காமல், பூங்காவைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். அடுத்த வாரம் ஒரு தையல்காரம்மா கூட ஓடினார். அப்புறம் ஒரு பல் டாக்டர், லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் இரண்டு பேர், பேரனைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வாரம் முழுக்க அலுத்துப்போன ஒரு தாத்தா என்று கூட்டம் தானாகச் சேர்ந்தது. தபால்காரர் விசில் ஊதுவார், ஓடுவோம். முடிந்ததும் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவோம். ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. நான் பேக்கரியில் அடுப்படி வேலை முடித்து தலையில் மாவோடு நேராக வருவேன் என்பதால் எனக்கு ‘பன்னு’ என்று பெயர். என் அக்காவுக்கு ‘எக்ஸ்சேஞ்ச் அக்கா’.

அக்கா ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கண் நரம்பு பட்டுப்போய், நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முப்பது வயதில் பார்வை போயிற்று. வாரம் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஊராருடைய வலியை உரிய வார்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுடையது. “நடக்கும்போது ஆளாளுக்குக் கையைப் பிடிக்கறாங்கடா. ஓடும்போதுதான் ஒருத்தரும் பிடிக்கறதில்ல” என்பாள். என் பழைய ஏப்ரனிலிருந்து கிழித்த நாடாவின் ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறு முனை என் கையில். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

பாதையில் ஒரே ஒரு வில்லங்கம் இருந்தது. வாத்துக் குளத்தை ஒட்டிய வளைவில், மரத்தின் வேர் நடைபாதைக் கல் ஒன்றை வலது ஓரமாக நெம்பித் தூக்கிவிட்டிருந்தது. அதற்கும் ஒரு வழி தானாக வந்தது. முன்னால் ஓடுகிறவர் அந்த இடம் வந்ததும் “கல்லு” என்பார். அடுத்தவர் அதை வாங்கித் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் கொடுப்பார். இப்படியே அந்த ஒரு சொல் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஓடும் எங்களிடம் வந்து சேரும். நான் நாடாவை இடது பக்கம் இழுப்பேன், அக்கா ஒதுங்கிக் கடப்பாள். எங்களுக்குப் பின்னால் ஆள் கிடையாது. அதனால் அக்கா ஒரு முறைகூட “கல்லு” சொன்னதில்லை. கேட்டுக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் என்பார்கள். எங்கள் வீட்டில் ஊதியது அக்கா. “ஒரு கொத்தனார் வந்தா அரைமணி வேலை. நான் கேக்கறேன் பாரு” என்று ஊர் நிர்வாக அலுவலகத்துக்கு போன் போட்டாள். பூங்காப் பிரிவு சாலைப் பிரிவைக் கேட்கச் சொன்னது. சாலைப் பிரிவு, வேர் தூக்கியதால் மரப் பிரிவு என்றது. மரப் பிரிவு, தூக்கியது வேராக இருந்தாலும் தூக்கப்பட்டது கல் என்றது. ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவளை அன்று ஊரே மாற்றி மாற்றி இணைத்தது. கடைசியில் எடுத்தவர் மிகவும் மரியாதையாக, “ஓடறீங்களா? எத்தனை பேர்? யார் அனுமதி கொடுத்தாங்க?” என்று கேட்டார்.

கொத்தனார் வரவில்லை. பாதுகாப்புப் பிரிவு வந்தது.

வந்தவர் முதுநிலைப் பாதுகாப்பு அலுவலர். கூடவே மெகாபோனைச் சுமந்துகொண்டு ஓர் உதவியாளர். எல்லாரையும் வாத்துக் குளத்துப் பக்கம் கூட்டி நிறுத்திவிட்டு அலுவலர் நிற்பதற்கு இடம் தேடினார். மற்ற இடத்தைவிடச் சற்று உயரமாக இருந்ததால் அந்தக் கல்லின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

“இந்த ஓட்டத்துக்கு யார் பொறுப்பு?”

எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம்.

“அப்படி யாரும் இல்லைங்க” என்றார் தபால்காரர்.

“பொறுப்பாளர் இல்லாம ஒரு ஓட்டம் எப்படிங்க நிக்கும்?”

“நிக்காதுங்க. ஓடும்.”

“கட்டணம்?”

“இலவசம்ங்க.”

“இலவசமா? அப்ப யாராவது விழுந்தா யாரைப் போய்க் கேப்பீங்க?”

“விழுந்தா கேக்க மாட்டோம்ங்க. தூக்கி விடுவோம்.”

அலுவலர் கண்ணை மூடித் திறந்தார். “பாத்தீங்களா, இதைத்தான் நாங்க ஆபத்துன்னு சொல்றோம்” என்று உதவியாளரிடம் சொன்னார்.

அக்கா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். “சார், போன் பண்ணது நான்தான். அந்தக் கல்லை மட்டும் கொஞ்சம்...”

“அம்மா, கல்லு வெறும் அறிகுறி. நோய் வேற. நாங்க நோயைப் பாக்க வந்திருக்கோம்” என்றார் அலுவலர், அறிகுறியின் மேல் நின்றபடி.

அடுத்து வந்த இரண்டு ஞாயிறுகளில் நாங்கள் ஓடவில்லை. பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தோம். முதல் வாரம் ‘ஓட்டம்: ஓர் அறிமுகம்’ என்று உரை. வலது காலை எடுத்து வைத்த பிறகு இடது காலை எடுத்து வைக்க வேண்டும் என்பதை உதவியாளர் செய்து காட்டினார். இத்தனை வருஷமாக நாங்கள் வேறு எதையோ செய்துகொண்டிருந்தது போல எல்லாரும் தலையாட்டினோம். இன்னொரு வாரம் உறுதிமொழி. ‘வேகமாக ஓடமாட்டேன், மெதுவாக ஓடிப் பிறருக்கு இடைஞ்சல் செய்யமாட்டேன்’ என்று கையை நீட்டிச் சொன்னோம். அப்படியானால் எப்படி ஓடுவது என்று லாரி ஷெட்காரர் கேட்டார். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஆரஞ்சு நிற மேலங்கி கொடுத்து ஓட விட்டார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு. முட்டிக்குக் கீழே தொங்கும் இரண்டு நாடாக்கள். “பத்து நிமிஷம் குடுங்க, வெட்டி மடிச்சுத் தைச்சுடறேன்” என்றார் தையல்காரம்மா. பிரிவு கொடுத்ததை வெட்டுவது பிரிவையே வெட்டுவது போல என்று பதில் வந்தது. அன்றைக்கே பல் டாக்டர் தன் நாடாவைத் தானே மிதித்துத் தடுமாறி வேலியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஓட்டத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடுமாற்றம். அலுவலருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நாங்க மட்டும் வரலைன்னா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க” என்றார்.

அப்புறம்தான் எங்கள் நாடாவுக்கு வந்தார்கள்.

“இது என்ன?”

“நாடாங்க. அக்காவுக்கு வழி சொல்ல.”

“ரெண்டு பேரைச் சேத்துக் கட்டியிருக்கீங்க. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தரும் விழுந்துடுவாங்க. ஆளுக்கு ஆள் நாலு தப்படி இடைவெளி வேணும், அதான் விதி.”

“அவளுக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“விதிக்கு எல்லாரும் ஒண்ணுதான் தம்பி. கண்ணு தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு நாங்க பாகுபாடு பாக்கறதில்ல.”

அலுவலர் நாடாவை வாங்கிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையில் தட்டினாள். “விடுடா. சத்தம் இருக்கில்ல. நீ முன்னால போ. உன் காலடியைக் கேட்டுட்டு வரேன். கல்லுக்கு அவங்க குரல் குடுப்பாங்க” என்றாள்.

அந்தச் சத்தத்துக்கும் வந்தது வினை. நடுப் பாதையில் “கல்லு” என்று கத்துவது பதற்றத்தைப் பரப்புவதாகும் என்று பிரிவு கண்டுபிடித்தது. அதற்குப் பதிலாக ஓர் அங்கீகரிக்கப்பட்ட வாசகம் அட்டையில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டது. ‘அன்பான சக ஓட்டக்காரரே, தங்கள் பாதையில் சற்றுத் தொலைவில் ஒரு மேட்டுச் சூழல் நிலவுகிறது, கனிவுடன் கவனிக்க வேண்டுகிறோம்.’ மூச்சிரைக்க ஓடும் தாத்தா இதைச் சொல்லிப் பார்த்தார். ‘தங்கள் பாதையில்’ என்னும்போது கல் பின்னால் போயிருந்தது. ‘நிலவுகிறது’ என்னும்போது வாத்துக் குளமே பின்னால் போயிருந்தது. பேசாமல் ஓடுவது மேல் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அலுவலர் அதைக் ‘கட்டுப்பாடு’ என்று பாராட்டினார்.

தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார்கள். வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்துக்குத் தொடக்க விழா. பந்தல், மேடை, வாசலில் மூங்கிலும் துணியுமாக ஒரு வளைவு, தலைமை விருந்தினராக மேலிடத்திலிருந்து ஒருவர். வளைவின் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘விழா ஓட்டம்’.

அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, இந்தப் பெயரை நானே தேர்ந்தெடுத்தேன். விழா என்றால் கொண்டாட்டம். விழா என்றால் விழாத என்றும் பொருள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை என்று படித்திருப்பீர்கள். அதுபோல இது விழா ஓட்டம். விழாவாக ஓடுவோம், விழாமல் ஓடுவோம். இனி இந்தப் பூங்காவில் யாராலும் விழ முடியாது. பெயரிலேயே தடுத்துவிட்டோம்.”

கைதட்டினார்கள். அலுவலர் தமிழை வாழ வைப்பதாகத் தலைமை விருந்தினர் சொன்னார். ஓடாக் குதிரைகளாக நாங்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். உரைகள் முடியும்போது தாத்தாவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

தலைமை விருந்தினர் பாதையைச் சுற்றி ஒரு நடை நடப்பார் என்பதற்காகச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். வாத்துக் குளத்து வளைவு வரை விரித்து, கல்லின் மேலும் விரித்திருந்தார்கள். விருந்தினர் அந்த வளைவுக்கு வரவே இல்லை. பாதி வழியில் போட்டோ எடுத்ததும் திரும்பிவிட்டார். கம்பளம் அப்படியே கிடந்தது.

தபால்காரர் விசில் ஊதவில்லை, அது தடை செய்யப்பட்டிருந்தது. மெகாபோனில் ‘ஓடலாம்’ என்று அனுமதி வந்தது. ஓடினோம். நாலு தப்படி முன்னால் நான், பின்னால் அக்கா. கம்பளத்தில் ஏறியதும் என் காலடிச் சத்தம் செத்துவிட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. கல்லைத் தேடிக்கொண்டே ஓடினேன், சிவப்பைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. முன்னால் போனவர்கள் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. குரல் கொடுக்கக் கல்லும் அவர்கள் கண்ணில் படவில்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாவு மூட்டை சரிந்தால் கேட்கிற சத்தம்.

அக்கா குப்புறக் கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம். இடது மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் போயிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். “தொடாதீங்க” என்று உதவியாளர் கத்திக்கொண்டு வந்தார். “பயிற்சி பெற்றவங்கதான் தொடணும்.” பயிற்சி பெற்றவர்கள் மேடைக்குப் பக்கத்தில், விருந்தினருக்குப் பாதுகாப்பாக நின்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, வாசலோடு நின்றது. அலங்கார வளைவைவிட அது ஒரு முழம் உயரம். வளைவைப் பிரிக்கப் பந்தல் பிரிவைக் கேட்க வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி என்ன சொன்னது தெரியுமா? “ஒரு சகோதரி பாதையோரம் ஓய்வாக அமர்ந்திருக்கிறார். யாரும் கூட்டம் கூட வேண்டாம். விழா தொடர்கிறது.”

என் உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்பு வாயில் இருபது வருஷம் நின்றவன் நான், அப்படி எரிந்ததில்லை. நானும் தபால்காரரும் லாரி ஷெட்காரர்கள் இரண்டு பேருமாக அக்காவைத் தூக்கிக்கொண்டு, எந்த விதியையும் கேட்காமல், வளைவுக்கு அடியில் ஓடினோம். அன்றைக்கு அந்தப் பூங்காவில் நடந்த உருப்படியான ஓட்டம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். டெலிபோன் பலகையில் ஓடும் கை அது. ஆறுவதற்குள் விசாரணைக்கு அழைப்பு வந்தது.

அலுவலகத்தில் சுவர் கொள்ளாமல் ‘பாதுகாப்பே முதல்’ அட்டைகள். அக்காவுக்குக் கொடுத்த நாற்காலியின் ஒரு காலுக்கடியில் செங்கல் துண்டு.

“சார், இது ஆடுது” என்றாள்.

“அது எங்க பிரிவு இல்லம்மா, தளவாடப் பிரிவு. கொஞ்சம் ஜாக்கிரதையா உக்காருங்க.” அலுவலர் ஒரு தாளை நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது.”

“எனக்குக் கண்ணு தெரியாது சார். வாசிங்க, கேக்கறேன்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். “விழா ஓட்டத்தின்போது நான் எனது சொந்த விருப்பத்தின் பேரில் தரையோடு அமர்ந்தேன்.”

“அமர்ந்தேனா?”

“விழுந்தேன்னு எழுத முடியாதும்மா. விழா ஓட்டத்துல விழுந்தாங்கன்னு எழுதினா இலக்கணப் பிழை. மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க.”

“வாயில ரத்தத்தோட, குப்புற அமர்ந்தேனா சார்?”

“எப்படி அமர்றதுங்கறது அவங்கவங்க உரிமை.”

நான் பொறுக்க முடியாமல் எழுந்தேன். “கல்லு மேல கம்பளத்தைப் போட்டது யாருங்க?”

“நாங்கதான்” என்றார், பெருமையாக. “விருந்தினர் கண்ணுல கல்லு படக் கூடாது. பட்டா மனசுல பயம் வரும், பயம் வந்தா தடுமாற்றம் வரும். கல்லு தெரியலைன்னா பயமே இல்ல பாருங்க. அதுவும் உங்க அக்காவுக்கு எப்பவுமே தெரியாது. கம்பளம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

நல்லதைச் சொன்ன முகத்தோடு அலுவலர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று சிலர் பிற்பாடு எனக்குச் சமாதானம் சொன்னார்கள். கெட்டவனாக இருந்தால் ஒரு நாள் திருந்துவான் என்ற நம்பிக்கையாவது இருக்கும்.

“எனக்கு அந்தக் கல்லு காதால தெரியும் சார்” என்றாள் அக்கா மெதுவாக. “இத்தனை வருஷம் தெரிஞ்சுது. நீங்க வந்துதான் அந்தச் சத்தத்தை அடக்கினீங்க.” எழுந்தாள். “கையெழுத்துப் போடற கை வேற, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா போட மாட்டேன்.”

வெளியே படியிறங்கும்போது, “கல்லுளிமங்கன்” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வாரத்தில் ஆணை வந்தது. சம்பவத்தில் தொடர்புடைய பொருள் என்பதால் கல்லை யாரும் அசைக்கக் கூடாது. அதைச் சுற்றி இரும்பு வேலி போட்டார்கள். வேலி பாதையில் பாதியை அடைத்துக்கொண்டது. மழை படாமல் மேலே ஒரு தகரக் கூரையும் வந்தது. என் அக்காவுக்குக் கிடைக்காத பாதுகாப்பெல்லாம் அந்தக் கல்லுக்குக் கிடைத்தது. ஆணையின் கடைசிப் பத்தி இது: ‘பார்வையற்றோர் தங்கள் நலன் கருதி, வாசலருகே உள்ள பெஞ்சில் அமர்ந்தபடி ஓட்டத்தில் பாதுகாப்பாகக் கலந்துகொள்ளலாம்.’ ஆரஞ்சு மேலங்கி கட்டாயம்.

அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, “வாரத்துல ஆறு நாள் நாற்காலி. மிச்சம் இருந்த ஒரு நாளுக்கும் பெஞ்சு போட்டுட்டாங்க” என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிறு, நான் ஏப்ரனிலிருந்து புது நாடா கிழித்தேன். அவளே மணிக்கட்டை நீட்டினாள். வலது மணிக்கட்டை. பூங்கா வாசலில் புதிதாகப் போட்ட காவலாளி ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்காவைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் கண்ணு தெரியலைங்க. போங்க” என்றார்.

உள்ளே எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தர் மேலும் ஆரஞ்சு இல்லை. தையல்காரம்மா அத்தனை மேலங்கியையும் வெட்டித் தோள்பை தைத்துவிட்டிருந்தார். தபால்காரர் விசிலை ஊதினார். ஓடினோம், கடைசியில் நாங்கள் இரண்டு பேரும்.

வாத்துக் குளத்து வளைவில் கூட்டம் நின்றுவிட்டது. வேலி அடைத்த பாதி போக மிச்சப் பாதியில், கையை விரித்துக்கொண்டு அலுவலர் நின்றார். “நில்லுங்க” என்று மெகாபோன் அலறியது. “அனுமதியில்லாம ஓடறீங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன். ஒருத்தரும் என்னைத் தாண்டிப் போக முடியாது.” முன்னால் இருந்த பல் டாக்டர் தயங்கினார். தாத்தா மூச்சு வாங்கினார். தபால்காரர்கூட விசிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். என் கையில் நாடா தளர்ந்தது.

அக்கா தலையைச் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டாள். எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பிறகு நாடாவை அவள் இழுத்தாள். இடது பக்கமாக.

“கல்லு” என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற லாரி ஷெட்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “கல்லு” என்று தனக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்தார். அவர் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தார், தையல்காரம்மா தாத்தாவுக்கு. எப்போதும் முன்னாலிருந்து பின்னால் வருகிற சொல் அன்றைக்குப் பின்னாலிருந்து முன்னால் போயிற்று. தபால்காரர் அதை வாங்கிக்கொண்டு, அலுவலரின் முகத்துக்கு நேராக, “கல்லு” என்று சொல்லிவிட்டுப் புல்லில் இறங்கி ஓட ஆரம்பித்தார்.

அலுவலர் மெகாபோனை இறக்கினார். குனிந்து தன் காலடியில் தேடினார். கல்லோ வேலிக்குள், கூரைக்கடியில், பத்திரமாக இருந்தது.

“எங்க கல்லு?” என்று கேட்டார்.

நாங்கள் இடது பக்கமாக ஒதுங்கி அவரைக் கடந்து ஓடினோம்.